கண் நிற்கும் இடம்

சாமி,

முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். மோகனூர்ப் பெண் வீட்டாரிடம் உன் கண்ணைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. நீ மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் "சொல்லியாச்சு, அவங்க பெருசா எடுத்துக்கலை" என்றேன். வாய் கூசாமல் சொன்ன பொய் அது. இன்று காலை எட்டு மணிக்குத்தான் கீர்த்தனாவின் வீட்டுக்குப் போய், அவளுடைய அப்பா அம்மா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். அங்கே என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் எடுத்துப் படிக்காதே. வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். இல்லாவிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவேன்.

வருகிற புதன்கிழமை உப்புச்சர்க்கரை மாற்றுவதாக இருக்கிறது. இரண்டு வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் கை மாற்றிக்கொண்டுவிட்டால் அதற்குப் பிறகு நம் பக்கத்தில் யாரும் பேச்சைத் திருப்ப மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் உனக்கு உண்மை தெரிய வேண்டும். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நமக்குள் என்ன நடக்கும்? நீ "இல்லீங்கப்பா" என்று ஆரம்பிப்பாய், நான் சத்தம் போடுவேன், நீ பேசாமல் இருந்துவிடுவாய், உங்கம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு "சாப்டியா சாமி" என்று கேட்பாள். இருபத்தெட்டு வருடமாக இதுதானே நடக்கிறது. அதனால் பட்டறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, யாரும் வர மாட்டார்கள். எழுதி முடித்ததும் பக்கங்களைப் படமெடுத்து வாட்சப்பில் அனுப்புவேன். ஆறு மணிக்குள் உனக்கு வந்தாக வேண்டும். ஏன் ஆறு மணி என்பதும் கடைசியில்தான்.

நீ பிறந்து மூன்று மாதம் இருக்கும். உங்கம்மாதான் முதலில் பார்த்தாள். உன் கண்மணி இரண்டும் பொடிப்பொடியாக ஆடிக்கொண்டே இருந்தன. தள்ளி நின்றால் தெரியாது. மூச்சுப் படுகிற தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனால்தான் தெரியும். "ஏனுங்க, கொழந்தைக்குக் கண்ணு நிக்க மாட்டீங்குது, வந்து பாருங்க" என்று வீட்டிலிருந்து பட்டறைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டே ஓடிவந்தாள். அன்றைக்குப் பாடி கட்டப் புது லாரி சேசிஸ் ஒன்று வந்து நின்றிருந்தது. "பச்சக் கொழந்தைக்கு அப்படித்தான் இருக்கும், போ" என்று விரட்டிவிட்டேன். இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் போனோம். அவர் நிஸ்டாக்மஸ் என்று ஒரு பேர் சொன்னார், பிறவியிலேயே வந்த கண்ணாட்டம் என்றார். மருந்து கிடையாது, வளர்ந்ததும் கண்ணாடி போடுங்கள், பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சில் உட்கார வையுங்கள், பையன் சமாளித்துக்கொள்வான் என்று அனுப்பிவிட்டார். உங்கம்மா மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து போட்டாள். நான் ஒன்றும் செய்யவில்லை. அதோடு விட்டிருந்தால் நல்லவனாக இருந்திருப்பேன்.

ஒன்றரை வயதில் நீ தலையைத் திருப்ப ஆரம்பித்தாய். எதைப் பார்ப்பதானாலும் முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை வலது ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பாய். யாராவது கூப்பிட்டால் முகம் ஒரு பக்கம் போகும், பார்வை ஒரு பக்கம் வரும். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "பையன் என்னடா ரோசக்காரனாட்டத் திரும்பிக்கறான்" என்றார்கள். கண் ஆடுவது யாருக்கும் தெரியவில்லை, தலை திரும்புவது எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் அதுதான் உறுத்தியது. என் தொழில் அப்படி. லாரிக்குப் பாடி கட்டுகிறவனுக்குக் கோணல் என்றால் ஆகாது. சைடு பலகை ஒரு விரல் சாய்ந்திருந்தாலும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தே சொல்லிவிடுவேன், ரசமட்டமே வேண்டாம். நாமக்கல்லில் பத்துப் பட்டறைக்காரர்கள் என் கண்ணை நம்பிக் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவன் வீட்டில் பெற்ற பையன் தலை கோணலாக நின்றால் சும்மா இருப்பேனா?

நீ மூன்றாம் வகுப்புப் படித்தபோது நான் செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நானாவது மறந்திருக்கலாம், எனக்கும் மறக்கவில்லை. பட்டறைக் கதவு நிலையில் தூக்குக்குண்டு கட்டி நூலைத் தொங்கவிட்டேன். தினமும் காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் உன்னை நூலுக்குப் பின்னால் நிறுத்துவேன். நூல் உன் மூக்குத்தண்டுக்கு நேராக இருக்க வேண்டும். எதிரே பேப்பரைப் பிடித்துக்கொண்டு "தலைப்பைப் படி" என்பேன். தலை நகர்ந்தால் முகவாயைப் பிடித்து நேராக்குவேன். நீ கண்ணைச் சுருக்குவாய், விழிப்பாய், எச்சிலை விழுங்குவாய். விரல் உயர எழுத்தைப் படிக்க முடியாமல் நிற்பாய். படிப்பில் சோம்பேறி என்று நினைத்தேன். ஒருநாள் உன் காதைத் திருகினேன். நீ அழவில்லை. மறுநாள் நான் சொல்வதற்கு முன்பே வந்து நூலுக்குப் பின்னால் நின்றாய். இதை எழுதும்போது நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் போனது. திடீரென்று நீ தலையை அசைக்காமல் மடமடவென்று படிக்க ஆரம்பித்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில், பெயிண்டரிடம், சேசிஸ் கொண்டுவந்த டிரைவர்களிடம் எல்லாம் சொன்னேன். "டாக்டரால ஆகாததை ஒரு முழ நூல்ல நான் முடிச்சேன் பாத்தீங்களா" என்று மார்தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கு என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஏன் என்று பின்னால் வரும்.

பிறகு நீ வளர்ந்தாய். லைசென்ஸ் எடுக்க முடியாது என்று ஆனபோது, லாரிப் பட்டறைக்காரன் மகனுக்கு ஸ்டீயரிங் கிடையாதா என்று கேட்டவர்களிடம் "படிக்கிற பையன், எதுக்கு வண்டி" என்று நானே ஒரு கதை கட்டினேன். நீ கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் வரைபடம் போடும் வேலைக்குப் போனாய். கம்ப்யூட்டரை மேசையின் வலது ஓரத்தில் தள்ளி வைத்திருக்கிறாய் என்று உன் அறைக்கு வந்தபோது பார்த்தேன். ஏன் நடுவில் வைக்கவில்லை என்று கேட்டு, அதையும் இழுத்து நடுவில் வைத்துவிட்டு வந்தேன். நான் பஸ் ஏறியதும் நீ திரும்ப ஓரத்துக்குத் தள்ளியிருப்பாய்.

பெண் பார்க்க ஆரம்பித்தோம். ஜாதகத்தோடு கொடுக்கப் படம் எடுக்கப் போனபோது, நான் ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி உன் முகவாயை நேராகத் திருப்பிவைத்து எடுக்கச் சொன்னேன். படத்தில் முகம் நேராகத்தான் இருக்கிறது. ஆனால் நீ எதையும் பார்க்கவில்லை. எதிரே சுவர் இருந்தாலும் மனுசர் இருந்தாலும் ஒன்றுதான் என்கிற மாதிரி ஒரு பார்வை. அதைத்தான் மோகனூருக்கு அனுப்பினேன். அதற்கு முன் இரண்டு இடம், மாப்பிள்ளை ஏன் வண்டி ஓட்டுவதில்லை என்ற கேள்வியிலேயே நின்றுபோயிருந்தது. இதுவும் நின்றுவிடுமோ என்று பயந்தேன். அதனால் மோகனூருக்குப் பெண் பார்க்கப் போகும்போது காரில் திரும்பி உன்னிடம் என்ன சொன்னேன்? "ஒரு மணி நேரம்தான். தலையை நேரா வெச்சுக்கோ. எனக்காக."

நீ வைத்துக்கொண்டாய். அந்தப் பெண் காபி கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள், ஏதோ கேட்டாள், நீ பதில் சொன்னாய். எனக்கு ஒரே பெருமை. திரும்பி வரும்போது பரமத்தி ரோட்டில் நீ மெதுவாகச் சொன்னாய்: "பொண்ணு மூஞ்சி சரியாத் தெரியலீங்கப்பா." உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று நான் அதற்கும் ஒரு காரணம் சொன்னேன். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்காமலே திரும்பினான் என்றால் அது என் ஒருவனால் மட்டும்தான் நடக்கும்.

எல்லாம் கூடி வந்தது. அதற்குப் பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. மணவறையில் எத்தனை கேமரா இருக்கும், எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று ஓடிக்கொண்டே இருந்தது. ஆப்பரேசன் செய்தால் தலை நேராகுமாம் என்று யாரோ சொன்னார்கள். உடனே உன்னையும் உங்கம்மாவையும் இழுத்துக்கொண்டு சேலத்தில் இருக்கிற அந்தக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா உன்னைப் பார்த்து முடிப்பதற்குள் நான் கேட்ட முதல் கேள்வி "கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சுடலாமுங்களா?" அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கல்யாணத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? முதல்ல கண்ணு எப்படி அசையுதுன்னு அளந்து பார்ப்போம்" என்று அடுத்த அறைக்கு அனுப்பினார்.

அந்த அறையில் இருந்தது, கண் அசைவை அளக்கும் பர்வீன் என்கிற பெண். உனக்கும் அவளைப் பிடித்துப்போனது, எனக்கும்தான். தாடையை வைக்க ஒரு தட்டு, நெற்றியை முட்ட ஒரு பட்டை, எதிரே ஒரு திரை, அதன் கீழே ஒரு கேமரா. நமக்குத் தெரியாத ஒரு ஒளியைக் கண்ணில் படவைத்து, கண்மணி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை குறித்துக்கொள்ளுமாம். நீ ஆயத்தமாவதற்குள் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்கண்ண வெச்சுப் பாரும்மா, நூல் புடிச்சாப்பல நிக்கும்" என்றேன். அவள் சிரித்துவிட்டு, சரி உட்காருங்க அங்கிள் என்று என்னையே முதலில் உட்கார வைத்தாள். திரையில் ஒரு புள்ளி. அதையே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். முடித்துவிட்டுத் திரையைக் காட்டினாள். என் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது, பிறகு சின்னதாக ஒரு துள்ளல், திரும்ப நழுவுகிறது, திரும்பத் துள்ளல். மெஷினில் கோளாறு என்றேன். "இல்ல அங்கிள், எல்லாருக்கும் இப்படித்தான். நமக்கே தெரியாம கண்ணு அசைஞ்சுட்டே இருக்கும். சுத்தமா அசையாம நிறுத்தினா எதிர்ல இருக்கறது மங்கி மறைஞ்சுடும்" என்றாள். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். எனக்குக் கோபம். இத்தனை லாரியை மட்டம் பார்த்த கண் இப்படித் துள்ளிக்கொண்டா இருந்தது?

பிறகு நீ உட்கார்ந்தாய். நெற்றியைப் பட்டையில் முட்டவைத்துத் தலை திரும்பாமல் பார்த்துக்கொண்டாள். புள்ளி நடுவில் இருந்தபோது உன் கோடு ரம்பப் பல்லாக ஓடியது. ஒரே சீராக, நிற்காமல், நெருக்கமான பல். இடது பக்கம் புள்ளி போனபோது பல் பெரிதானது. வலது பக்கம் நகர நகரப் பல் சிறுத்தது. சிறுத்துச் சிறுத்து ஓர் இடத்தில் கோடு படுத்துவிட்டது. கிட்டத்தட்ட நேர்கோடு. நேர்கோட்டைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான்.

"இந்த எடத்துலதான் இவருக்குக் கண்ணு அமைதியாகுது" என்று பர்வீன் விரலை வைத்துக் காட்டினாள். "தலையை இடது பக்கம் திருப்பிக்கிட்டா இந்த எடம் நேரா முன்னாடி வந்துடும், நல்லாத் தெரியும். அதுக்குத்தான் திருப்பறாரு. சின்னக் குழந்தையிலயே அவராவே கண்டுபிடிச்சிருக்காரு, யாரும் சொல்லித் தரல பாருங்க." அப்புறம் குறிப்பு எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: "வீட்ல யாரும் தலையை நேரா வைன்னு சொல்லலையே? சிலபேர் சொல்லுவாங்க. பாவம், அப்படி வெச்சா அதுங்களுக்கு எழுத்தே சரியாத் தெரியாது."

நான் சுவரைப் பார்த்தேன். நீ தாடையைத் தட்டிலிருந்து எடுக்காமலே சொன்னாய்: "இல்லீங்க. எங்க ஊட்ல அப்படி யாரும் சொல்லலீங்க."

சாமி, அந்த ஒரு வார்த்தைக்கு நான் என்ன செய்து ஈடுகட்டுவேன் என்று தெரியவில்லை. நீ கண்ணாடிச் சீட்டு வாங்கப் போன சமயம் அந்தப் பெண்ணிடம் போய் "நான்தாம்மா சொன்னேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். நூலையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. வெளியே பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களைக் காட்டி, "இதை எழுதிக் குடுங்க அங்கிள், இவங்க படிக்கட்டும்" என்றாள். முதலில் என் மகனுக்கு எழுதுகிறேன், அவன் சம்மதித்தால் உங்களுக்கும் தருகிறேன் என்றேன். இந்தக் கடிதம்தான் அது. வேண்டாம் என்று நீ சொன்னால் யாருக்கும் போகாது.

திரும்பி வரும் வழியில் நீ முன் சீட்டில் தூங்கிவிட்டாய். மல்லூர் தாண்டும்போது, ஆஸ்பத்திரியில் வெளியிலேயே உட்கார்ந்திருந்த உங்கம்மாவிடம் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு அவன் படிச்சானே, அது அவன் படிக்கலீங்க. நீங்க பல்லு வெளக்கறப்ப நான் பேப்பரப் பாத்துத் தலைப்ப அவன் காதுல சொல்லிக் குடுப்பேன். மனப்பாடம் பண்ணீட்டு வந்து நூலுக்குப் பின்னால நிப்பான்." இருபது வருடம் என்னிடம் மறைத்துவிட்டாளே என்று கத்த வாயைத் திறந்தேன். யார் மேல் கத்துவது? எட்டு வயதுப் பையனும் அவன் அம்மாவும் சேர்ந்து என்னைச் சமாளித்திருக்கிறீர்கள். வீட்டில் ஒருவனுக்குப் பயந்து இரண்டு பேர் ரகசியம் பேச வேண்டியிருந்தால் கோணல் அந்த ஒருவனிடம்தான் இருக்கிறது.

அந்த வாரமே நீ சொன்னாய்: "உப்புச்சக்கரைக்கு முன்னாடி அவங்ககிட்டச் சொல்லீருங்கப்பா. தெரிஞ்சு சரின்னா சரி, இல்லைன்னா பரவால்லீங்க." இவ்வளவு பார்த்தும், இவ்வளவு கேட்டும், எனக்குப் புத்தி வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு நாள், செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்று ஒரு நாள், அவர்கள் தோட்டத்தில் கரும்பு வெட்டு நடக்கிறது, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஒரு வாரம். கடைசியில் சொல்லிவிட்டேன் என்று உன்னிடம் சொல்வது சுலபமாக இருந்தது. மாட்டிக்கொள்ளாமல் இருக்க இன்னொன்றும் சேர்த்தேன். "பெரியவங்க பேசி முடிச்சாச்சு, நீ அந்தப் பொண்ணுகிட்ட அதைப் பத்தி எடுக்காதே, சங்கடப்படுவாங்க" என்றேன். நீயும் நம்பினாய். அவர்களுக்குத் தெரியும் என்ற தைரியத்தில் அவளோடு வீடியோவில் பேச ஆரம்பித்தாய். தலையை உன் இஷ்டம்போலத் திருப்பிக்கொண்டு, முதல்முறையாக அவளை நன்றாகப் பார்த்துப் பேசியிருக்கிறாய்.

அங்கே அவளுக்கு என்ன தெரிந்தது என்பதை நேற்று மத்தியானம் அவள் அப்பா போனில் சொன்னார். "ஏனுங்க மச்சான், மாப்பிள்ளைக்கு மெய்யாலுமே இஷ்டமுங்களா? வீடியோவுல பேசறப்ப எம்புள்ள மூஞ்சியப் பாக்காம அந்தப் பக்கமே திரும்பிக்கறாராமா. அன்னிக்கு நேருல வந்தப்ப நல்லாத்தான இருந்தாரு. அவ ரெண்டு நாளாச் சோறு திங்கலீங்க. மனசுல வேற எதாச்சும் இருந்தா இப்பவே சொல்லீருங்க, புதங்கெழமைக்கு அப்பறம் பேச முடியாதுங்க."

நீ அவளைப் பார்ப்பதற்காகத் திரும்பியிருக்கிறாய். அவளைப் பிடிக்காமல் திரும்புகிறாய் என்று அவள் அழுதிருக்கிறாள். நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அப்போதும் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, பையன் கூச்சக்காரன்." போனை வைத்ததும் உங்கம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரே நின்றாள். "நாளைக்குக் காத்தால மோகனூருக்கு நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?" என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. நானே போகிறேன் என்றேன்.

போனேன். சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. முன்னால் போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் அரை மணி நேரம் நின்றேன். பத்து முறை ஒத்திகை பார்த்தேன். அவர்கள் வீட்டுக்குள் போனதும் எல்லாம் மறந்துபோய், கதவுக்கு அருகில் நின்றபடியே "உங்களை ஏமாத்தீட்டனுங்க" என்றுதான் ஆரம்பித்தேன். பாவம், அவர்கள் வேறு என்னமோ என்று பயந்துவிட்டார்கள். பிறகு உட்கார்ந்து கண், தலை, லைசென்ஸ், படம், அந்த மெஷினில் வந்த கோடு, எல்லாவற்றையும் சொன்னேன். பையன் சொல்லச் சொன்னான், நான்தான் சொல்லவில்லை என்பதை இரண்டு முறை சொன்னேன்.

முதலில் பேசியது அவள் அப்பா. "பேரன் பேத்திக்கு வருமுங்களா?" என்று கேட்டார். சில குடும்பங்களில் வருமாம், நமக்கு எப்படி என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும், எனக்குத் தெரியாது என்றேன். முன்பானால் வராது என்று அடித்துச் சொல்லியிருப்பேன். அவள் அம்மாவுக்குத்தான் கோபம். "அன்னிக்கே சொல்லியிருந்தா நாங்க என்னங்க பண்ணியிருப்போம்? கண்ணுதானுங்க, களவா பண்ணுனாரு அவரு? நீங்க மறைச்சதுதானுங்க எங்களுக்குத் தாங்கல" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். புள்ளையைக் கேட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். அதனால் சாமி, புதன்கிழமை உண்டா இல்லையா என்பது இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. உனக்கு ஒரு நல்ல சேதியோடு இதை முடிக்க ஆசைதான். கையில் இருந்தால்தானே கொடுப்பேன்.

ஆப்பரேசனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கண் அசைவை அது நிறுத்தாது, அமைதியாகும் இடத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவரும், அவ்வளவுதான் என்று டாக்டரம்மா சொன்னார் அல்லவா. செய்துகொள்வதும் விடுவதும் உன் இஷ்டம். போட்டோவுக்காகவும் எனக்காகவும் மட்டும் செய்யாதே. நாளைக்கு உன் மேலதிகாரி, மாமனார், யாராக இருந்தாலும் சரி, நேராக உட்கார் என்றால் "இப்படி இருந்தால்தான் எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் பழகு. என்னிடம் அதைச் சொல்ல உனக்கு நான் இடமே கொடுக்கவில்லை. உனக்குப் பிள்ளை பிறந்து அது எதையாவது விசித்திரமாகச் செய்தால், திருத்துவதற்கு முன்னால் அதன் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார். இவ்வளவுதான் என்னிடம் இருக்கிற புத்திமதி, இதுவும் தாமதமாகக் கிடைத்தது.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது கீர்த்தனா வெளியே வந்தாள். உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கண் வீங்கியிருந்தது. என்னைத் திட்டுவாள் என்று நின்றேன், திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவள் கேட்டது வேறு.

"மாமா, அவருக்குக் கண்ணு ஆடுதுன்னு சொன்னீங்க. அப்ப நான் அவருக்கு எப்படீங்க தெரிவேன்? நானும் ஆடிட்டே தெரிவேனுங்களா?"

மூன்று மாதக் குழந்தையிலிருந்து உன் கண்ணைப் பார்க்கிறேன். எந்தப் பக்கம் திரும்பும், எவ்வளவு திரும்பும் எல்லாம் தெரியும். அந்தக் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று ஒருநாள்கூட உன்னிடம் கேட்டதில்லை. "நான் அவன்கிட்டக் கேட்டதே இல்ல கண்ணு" என்றேன். அதற்கு அவள், "அப்ப நானே கேட்டுக்கறனுங்க. சாயந்தரம் ஆறு மணிக்குக் கூப்படறேன். அதுக்குள்ள நீங்க அவர்கிட்ட நெசத்தச் சொல்லீருங்க, என்னாட்டவே அவரும் தெரியாம இருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது மணி ஐந்தேகால். ஆறு மணிக்கு அவள் கூப்பிடுவாள். என்னைக் காப்பாற்றுவதற்காக அவளிடம் எதையும் மாற்றிச் சொல்லாதே. ஆஸ்பத்திரியில் ஒருமுறை சொன்னது போதும். அவள் கேட்கிற கேள்விக்கு உனக்குத் தெரிகிறபடி பதில் சொல். அதற்குப் பிறகு கல்யாணம் நடந்தாலும் நின்றாலும், எத்தனை மணியானாலும் எனக்குக் கூப்பிடு. எங்களையெல்லாம் உனக்கு எப்படித் தெரிகிறது என்று எனக்கும் சொல். நான் குறுக்கே பேச மாட்டேன், உங்கம்மா கையில் போனைக் கொடுக்கவும் மாட்டேன்.

அப்பா